புழக்கடை வாயிலும் நம் பொறுப்பும்

வீடு கட்டுவோர் தலைவாயிலின்மீது வைக்கும் கருத்தைப் புழக்கடை வாயிலின்மீது வைப்பதில்லை. தலைவாயிலுக்குத் தேக்குமரக் கதவும், பித்தளைக் குமிழும், உறுதியான பூட்டும் அமைப்பர். புழக்கடைக்கோ பழம்பலகையிற் செய்த கதவொன்றும், எவர் தள்ளினும் நெகிழும் தாழொன்றுமே போதுமென எண்ணுவர். ஆயினும் வேலையாட்கள் வருவதும் போவதும் அவ்வழியே. திருடன் நுழைவதும் பெரும்பாலும் அவ்வழியே. இக்காலத்துச் சர்வர்க் கூடங்களைக் காணுந்தோறும் இவ்வீட்டு நினைவே எமக்கு எழுகின்றது. அங்கும் ஒரு புழக்கடை வாயில் உண்டு. அதனைச் சித்தப்படுத்தி வைக்கும் கடமையைப் பற்றியே இக்கட்டுரையில் சில கூற விரும்புகின்றோம். நம் கல்லூரியிற் பயின்று வெளிப்போந்த நண்பர் பலர் இத்தொழிலில் அமர்ந்துள்ளனர். இனிப் புகவிருக்கும் மாணவரும் பலர். ஆதலின் இஃது இம்மலரிற் பேசத்தக்க பொருளே என்பது எம் துணிபு.

சர்வர் என்பது பலருக்கு ஒருங்கே பணிசெய்யும் பெருங்கணினி என்பதை யாவரும் அறிவர். வங்கிக் கணக்கும், மருத்துவமனைச் சீட்டும், தேர்வு மதிப்பெண்ணும் அதன் வயிற்றுள்ளே கிடக்கின்றன. அத்தகைய சர்வர் ஒவ்வொன்றின் தாய்ப்பலகையிலும் வேறொரு சிறு கணினி அமர்ந்திருக்கின்றது என்பதைப் பலர் அறியார். அதற்குத் தனியே ஒரு செயலியும், தனியே நினைவகமும், தனியே ஒரு நெட்வொர்க்குப் போர்ட்டும் உள. பெரிய பொறி நிறுத்தப்பட்டுக் கிடக்கும்போதும், மின்கம்பி செருகியிருக்கும் வரையில் இச்சிறு பொறி உறங்குவதில்லை. இதனைப் பேஸ்போர்டு மானேஜ்மென்ட் கண்ட்ரோலர் என்றும், சுருக்கமாகப் பி.எம்.சி. என்றும் தொழிலாளர் வழங்குவர். எச்.பி. நிறுவனத்தார் தம்முடையதை ஐலோ என்பர். டெல் நிறுவனத்தார் ஐடிராக் என்பர். பெயர் வேறாயினும் பணி ஒன்றே.

அப்பணிதான் யாது? தொலைவிலிருந்தே சர்வரை எழுப்புதல், அணைத்தல், மறுபடி தொடக்குதல். விசிறிகளின் வேகத்தையும் உள்வெப்பத்தையும் அளந்துரைத்தல். திரையிற் காண்பதை வேறூரில் இருப்பவர்க்குக் காட்டுதல். விசைப்பலகையை அவர் கைக்குக் கொடுத்தல். புதிய இயங்குதளத்தையே தொலைவிலிருந்து நிறுவச் செய்தல் ஆகியன அதன் தொழில்கள். சுருங்கக் கூறின், சர்வரின் எதிரே நாற்காலியிட்டு அமர்ந்தவன் செய்யக்கூடியது அனைத்தையும், அதற்கு மேற்பட்டவற்றையுங்கூட, இப்போர்ட்டின் வழியாக ஒருவன் செய்தல் இயலும். சர்வரின் இயங்குதளத்தில் எத்துணைக் காவல் அமைத்திருப்பினும், அக்காவலுக்குக் கீழே இருந்துகொண்டு இஃது இயங்குகின்றது. இதன் பெருமையும் இதுவே. இதன் ஆபத்தும் இதுவே.

பொறிகள் ஒன்றிரண்டாக இருந்த காலத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியே சென்று பார்ப்பது எளிதாக இருந்தது. நூற்றுக்கணக்கிற் பெருகிய பின்னர் அது கூடாதாயிற்று. ஆகவே பல நிறுவனத்தார் பொறிகளும் ஒரே மொழியிற் பேசவேண்டும் என்னும் எண்ணம் தோன்றியது. 1998-ஆம் ஆண்டில் இன்டெல், டெல், எச்.பி., என்.இ.சி. ஆகிய நிறுவனத்தார் கூடி ஐ.பி.எம்.ஐ. என்னும் ஒழுங்குமுறையை வெளியிட்டனர். அதன் இரண்டாம் பதிப்பு 2004-இல் வந்தது. பின்னர், இணையதளங்கள் பேசும் முறையிலேயே பேசுவதும், பாதுகாப்பிற் சிறந்ததுமான ரெட்பிஷ் என்னும் புதுமுறையை டி.எம்.டி.எப். என்னும் அமைப்பினர் 2015-இல் வெளியிட்டனர். இவற்றின் துணைகொண்டு, எல்லாப் பொறிகளையும் ஓரிடத்திலிருந்து கண்காணிக்கும் நிர்வாக மென்பொருள்கள் எழுந்தன. டெல்லின் ஓப்பன்மானேஜ், எச்.பி.யின் ஒன்வியூ, லெனோவோவின் எக்ஸ்கிளாரிட்டி என்பன அவற்றுட் சில.

இம்மென்பொருள்கள் பொறிகளைத் தாமே தேடிக் கண்டுபிடிக்க வல்லன. அச்செயலை ‘டிஸ்கவரி’ என்பர். யாம் அதனைக் கண்டறிதல் என்போம். நிர்வாகி இன்ன முகவரி முதல் இன்ன முகவரி வரை தேடுக என்று ஓர் எல்லையைக் கொடுப்பர். மென்பொருள் அவ்வெல்லையிலுள்ள ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டும். ‘உள்ளே எவரேனும் உளரோ?’ என்று முதலில் வினவும். விடை வரின், ‘நீவிர் யாவர்? எம்மொழி பேசுவீர்?’ என்று அடுத்து வினவும். 443-ஆம் போர்ட்டில் ரெட்பிஷ் மொழியிலும், 161-இல் எஸ்.என்.எம்.பி. மொழியிலும், 623-இல் ஐ.பி.எம்.ஐ. மொழியிலும் பேசிப் பார்க்கும். பின்னர்த் தனக்குக் கொடுக்கப்பட்ட பெயரையும் கடவுச்சொல்லையும் காட்டி உள்ளே புகுந்து, மாடல், வரிசை எண், நினைவகம், வட்டுகள், மின்வழங்கிகள், பர்ம்வேர்ப் பதிப்பு ஆகியவற்றை ஏட்டிற் பதிந்துகொள்ளும். பழுது நேரின் தனக்கு அறிவிக்குமாறும் கட்டளையிட்டுச் செல்லும்.

இதனைக் கேட்போர், ‘மென்பொருள் தானே தேடிக்கொள்ளுமாயின் நமக்கு வேலை யாது?’ என வினவுதல் இயல்பு. மேலதிகாரிகள் பலர் அவ்வாறே கருதிப் பொருள் கொடுத்து மென்பொருளை வாங்கி, வாங்கிய மறுநாளே பயனை எதிர்பார்க்கின்றனர். இஃது ஊர்க் கணக்கெடுக்கும் அலுவலரை அனுப்பிவிட்டு, வீடுகளுக்கு எண்ணும் இடாமல், தெருக்களுக்குப் பெயரும் இடாமல் விட்டதற்கு ஒப்பாகும். அலுவலர் நடந்து திரும்புவார். ஏடு மட்டும் நிரம்பாது.

யாம் கண்ட ஒன்றைக் கூறுகின்றோம். முன்பு யாம் பணிபுரிந்த ஓரிடத்தில், ஐப்பசி மாதத்து அடைமழையிரவு ஒன்றில், ஒரு சர்வர் செயலற்று நின்றுவிட்டது. தொலைவிலிருந்து அதனை மறுபடி தொடக்க வேண்டிய நிலைமை. அதன் தொலைநிர்வாகப் போர்ட்டிற் கேபிளே செருகப்படவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. நள்ளிரவில் மழையினூடே நெடுந்தொலை சென்று, ஒரு பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திவிட்டு, விடியற்காலையில் வீடு திரும்பினோம். அந்நிகழ்ச்சியின் பயனாக நிர்வாக மென்பொருள் ஒன்று வாங்கப்பட்டது. எல்லோரும் சூழ்ந்து நிற்கத் தேடுமாறு ஏவினோம். 40 சர்வர்களில் 23 மட்டுமே கண்டறியப்பட்டன.

எஞ்சிய 17-ஐயும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். 6-இல் கேபிள் இல்லை. 5 பொறிகள் ஆலையில் இட்ட ஒரே முகவரியைத் தாங்கி ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. 4-இன் கடவுச்சொல் எவர்க்கும் தெரியவில்லை. அவற்றை அமைத்தவர் பணிவிட்டு நெடுநாள் ஆயிற்று. 2 பொறிகளின் கேபிள் சுவிட்சில் வேற்று வி.லேன் ஒன்றிற் செருகப்பட்டிருந்தது. இக்குறைகளில் ஒன்றேனும் மென்பொருளின் குறையன்று; எல்லாம் நம் சோம்பலின் பயனே. இதனினும் எம்மை நடுக்கியது பிறிதொன்று. தவறுதலாக அலுவலகப் பொது நெட்வொர்க்கின் எல்லையையும் மென்பொருளுக்குக் கொடுத்துவிட்டோம். அங்கே, கணக்கிற்கு வாராத ஒரு பொறி விடையளித்தது. ஓய்வு கொடுக்கப்பட்டதாக ஏட்டில் எழுதப்பெற்றிருந்த பழைய சர்வர் அது. அதன் பி.எம்.சி. ஆலைக் கடவுச்சொல்லோடு, வருவோர் போவோர் யாவரும் இணையும் நெட்வொர்க்கில், எத்தனையோ திங்களாக விழித்திருந்தது. அதற்குள் பழைய சம்பளக் கணக்குகளும் இருந்தன. உடையவர்க்குத் தெரியாத அவ்வாயில், தட்டிய எவர்க்கும் திறக்கும் நிலையில் இருந்தமையை எண்ணி அன்றிரவு யாம் உறங்கிலோம்.

இதிலிருந்து எம் கருத்து ஒன்று வலுப்பெற்றது. கண்டறிதல் நிர்வாகிக்கு மட்டும் உரிய வித்தையன்று. நாம் தட்டும் அதே கதவுகளை, அதே வினாக்களோடு, தீயவரும் தட்டுகின்றனர். அவர்க்கு நம்மினும் ஓய்வு மிகுதி. ஆகவே, உலகில் கண்டறியப்படாத போர்ட்டு என ஒன்றில்லை. உடையவன் முதலிற் கண்டறிந்தது, பிறன் முதலிற் கண்டறிந்தது என்னும் இருவகையே உண்டு. சித்தப்படுத்துதல் என்பது முதல் வகையில் நம் பொறிகளை நிறுத்தும் முயற்சியாகும்.

இனி, சித்தப்படுத்துதலின் கூறுகளை முறையே காண்போம்.

முதலாவது, தனிப்பாதை. தொலைநிர்வாகப் போர்ட்டுகள் அனைத்தையும் ஒரு தனி வி.லேனில் அடைத்து, நிர்வாகிகளும் நிர்வாக மென்பொருளும் அன்றிப் பிறர் அதனுட் புகாவாறு தடுத்தல் வேண்டும். இணையத்தின் பொதுவெளியில் இவற்றுள் ஒன்றேனும் தலைகாட்டலாகாது. 2023-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு நிலையமான சிசா, தம் கூட்டாட்சிச் சிவில் அலுவலகங்களுக்கு ஓர் ஆணை பிறப்பித்தது. இணையத்திற்குத் தெரியும்படி நிற்கும் நிர்வாக வாயில் எதுவாயினும், அறிந்த 14 நாட்களுக்குள் அதனை இணையத்தினின்று விலக்குக, அன்றேல் தக்க காவலுக்குட் படுத்துக என்பது அவ்வாணையின் சாரம். பேரரசு ஒன்றின் அலுவலகங்களுக்கே இவ்வாணை தேவையாயிற்று எனில், மற்றவர் நிலைமையைக் கூறவும் வேண்டுமோ?

இரண்டாவது, முகவரியும் பெயரும். சில பொறிகள் டி.எச்.சி.பி. வழியே முகவரி கேட்டுப் பெறும் வண்ணம் ஆலையினின்று வருகின்றன; ஐலோ அத்தகையது. வேறு சில, 192.168.0.120 என்பது போன்ற ஒரே நிலைமுகவரியோடு நெடுங்காலம் வந்தன. ஐடிராக் அதற்குச் சான்று. அப்படிப்பட்ட இரண்டை ஒரே கயிற்றிற் கட்டினால் மோதல் உறுதி. ஆகவே ஒவ்வொரு பொறிக்கும் உரிய முகவரியைக் குறித்து வைத்து, அதனை டி.என்.எஸ். ஏட்டிலும் பதிந்து, பொறி நிற்கும் ராக்கின் எண்ணையும் தட்டின் எண்ணையும் உடன் எழுதுதல் நன்று. பெயரைக் கேட்டவுடன் பொறி நிற்கும் இடம் மனத்திற்கு வரவேண்டும். நள்ளிரவிற் பழுது நேரும்போது இதன் அருமை விளங்கும்.

மூன்றாவது, கடவுச்சொல். இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஐடிராக்கின் ஆலைப்பெயர் ‘ரூட்’, கடவுச்சொல் ‘கால்வின்’ என்பதும், சூப்பர்மைக்ரோவின் பழைய பொறிகளில் ‘அட்மின்’ என்பதே பெயரும் கடவுச்சொல்லுமாம் என்பதும் உலகறிந்த இரகசியங்கள். எச்.பி. நிறுவனத்தார் தொடக்கத்திலேயே ஒவ்வொரு பொறிக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லை அச்சிட்டு, பொறியோடு ஒரு சிறு சீட்டாகத் தொங்கவிட்டனர், இது பாராட்டத்தக்கது. 2018-இல் கலிபோர்னியா மாகாணத்தார் இயற்றி 2020 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, இணைப்புடைய கருவிகளுக்கு ஒரே ஆலைக் கடவுச்சொல் இருத்தலைத் தடுத்தபின், பிறரும் அவ்வழியைப் பின்பற்றலாயினர். ஆயினும் பழம்பொறிகள் இன்றும் பல ராக்குகளில் உள்ளன. கடவுச்சொல் சீட்டுகளைப் பெட்டியோடு குப்பையில் எறிபவரும் உளர். பொறியைத் திறந்த அன்றே சீட்டிலுள்ளதை ஏட்டிற் பதிந்து, உடனே புதுக் கடவுச்சொல் இடுதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் ஒன்றையே இடுதலும் தவறு. ஒன்று வெளிப்பட்டால் அனைத்தும் வெளிப்படும். மென்பொருளுக்கென ஒரு தனிக்கணக்கை ஏற்படுத்தி, அதற்குத் தேவையான அதிகாரத்தை மட்டும் வழங்குதல் சாலச் சிறந்தது. தவறான கடவுச்சொல்லைக் கொடுத்து மென்பொருளைத் தேடவிடின், அது மீண்டும் மீண்டும் முயல, பொறி அதனையே திருடன் என மயங்கித் தடுத்துவிடுதலும் உண்டு.

நான்காவது, தேவையற்ற மொழிகளை அடக்குதல். ஐ.பி.எம்.ஐ.யின் இரண்டாம் பதிப்பில் ஒரு விபரீதம் உண்டு. கதவைத் தட்டுபவன் சரியான பெயரைக் கூறினாற் போதும். அவன் தன்னை மெய்ப்பிக்கு முன்னரே, கடவுச்சொல்லினின்று திரித்த ஒரு கோவையைப் பொறி அவன் கையிற் கொடுத்துவிடுகின்றது. அவன் அதனை வீட்டிற்கு எடுத்துச்சென்று, சொல் சொல்லாகப் பொருத்திப் பார்த்துக் கடவுச்சொல்லைக் கண்டுகொள்ளலாம். ஒழுங்குமுறையே அவ்வாறு வகுத்திருத்தலின் இதனைப் பர்ம்வேர் மாற்றத்தால் திருத்துதல் இயலாது. டான் பார்மர் என்னும் ஆய்வாளர் 2013-இல் இதனை உலகிற்கு எடுத்துக்காட்ட, அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்க அரசினரும் எச்சரிக்கை விடுத்தனர். ஆதலின், மென்பொருளுக்கு ரெட்பிஷ் போதுமாயின் நெட்வொர்க்கு வழி ஐ.பி.எம்.ஐ.யை நிறுத்திவிடுதலே தக்கது. எஸ்.என்.எம்.பி.யைக் கையாள வேண்டின் மூன்றாம் பதிப்பையே கையாளுக. ‘பப்ளிக்’ என்னும் பழைய வழக்குச்சொல்லை அதில் விட்டுவைத்தல் கடவுச்சொல்லின்றி விடுதற்குச் சமமே.

ஐந்தாவது, பர்ம்வேரும் கடிகாரமும். 2017-இல் வெளியான ஐலோ நான்காம் வகையின் குறையொன்று நகைப்பிற்கும் அச்சத்திற்கும் ஒருங்கே இடமாயிற்று. வேண்டுகோளின் ஒரு பகுதியில் ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தை 29 முறை எழுதியனுப்பினால், பொறி கடவுச்சொல் கேளாமலே வழிவிட்டது. 2.53 என்னும் பதிப்பில் அது திருத்தப்பெற்றது. திருத்தம் வந்தும் ஏற்றாதவர்க்கு அத்திருத்தத்தால் யாது பயன்? 2025 மார்ச்சில், பல நிறுவனத்தாரின் பொறிகளிலும் வழங்கும் ஏ.எம்.ஐ.யின் மெகாராக் என்னும் பர்ம்வேரிலும் அத்தகைய குறையொன்று வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜூனில், தீயவர் நடைமுறையிற் கையாளும் குறைகளின் பட்டியலில் சிசா அதனைச் சேர்த்தது. கடிகாரமோ சிறு பொருளாகத் தோன்றும். அது பிழையாயின் சான்றிதழ்களின் காலக்கெடு குழம்பும். பழுதுக் குறிப்புகளின் வரிசை மாறும். நிகழ்ந்தது யாது, எப்போது என்று பின்னர் ஆராய்வோர் இருளிற் கைதுழாவுவர்.

இனி, இதற்கு எதிராகக் கூறுவோரையும் செவிமடுத்தல் நேர்மையாகும்.

‘இத்துணை ஆபத்து உடையதாயின் அப்போர்ட்டிற் கேபிளே செருகாமல் விடுவோம், கதவில்லாத சுவருக்குத் திருடன் வருவானோ?’ என்பர் ஒரு சாரார். இவர் கூற்றில் இரண்டு குறைகள் உள. மழையிரவில் யாம் பட்ட பாடு முதற் குறையைக் காட்டும். இரண்டாவது குறை நுண்ணியது. பல பொறிகளில் பி.எம்.சி. தன் தனிப்போர்ட்டை மட்டும் நம்பி இருப்பதில்லை. தனிப்போர்ட்டிற் கேபிள் இல்லையெனின், சர்வரின் பொதுப் போர்ட்டையே பங்கிட்டுக்கொண்டு பேசும் வண்ணம் சில நிறுவனத்தாரின் பொறிகள் ஆலையிலேயே அமைக்கப்படுகின்றன. ஆகவே கேபிளைப் பிடுங்கியவர் வாயிலை அடைத்ததாக மகிழ்ந்திருக்க, அவ்வாயில் தலைவாசலுக்கே இடம்பெயர்ந்து நிற்கும். முற்கூறிய பழைய சர்வரில் நிகழ்ந்ததும் இதுவே. அடைக்க வேண்டின் அமைப்பினுட் சென்று அடைத்தல் வேண்டும். அதற்கும் சித்தப்படுத்துவோன் ஒருவன் தேவை.

‘தன்னை மறைத்துக்கொள்ளும் பொறியே பாதுகாப்பானது, கண்டறியப்படும் வண்ணம் அதனைத் திறந்துவைப்பது தவறன்றோ?’ என்பர் மற்றொரு சாரார். இவர் வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. கண்டறியப்பட வேண்டின் பொறி ஏதேனும் பேசத்தான் வேண்டும். ரெட்பிஷின் முதற்பக்கம் கடவுச்சொல்லின்றியே படிக்கத்தக்கது. ஐலோவும் தன் மாடல், வரிசை எண், பர்ம்வேர்ப் பதிப்பு முதலியவற்றைக் கேட்டார்க்கு எக்ஸ்.எம்.எல். வடிவிற் கூறும், எச்.பி. நிறுவனத்தார் முன்பு வழங்கிய சிஸ்டம்ஸ் இன்சைட் மானேஜர் அதனைக் கொண்டே பொறியை அடையாளம் கண்டது. அவ்வாய் மூடவும் இயலும். மூடினால் மென்பொருளுக்கும் அடையாளம் தெரியாது. ஆயினும், பொறியை ஊமையாக்குவதினும் அது பேசும் அறையைப் பூட்டுவதே அறிவுடைமை. தனி வி.லேனில், நம்மவர் மட்டும் கேட்குமாறு, அது தாராளமாகப் பேசட்டும். ஊமைப்பொறியை நாம் மறப்போம். மறந்த பொறிக்குத் திருத்தம் ஏற்றுவார் இல்லை.

‘இவையெல்லாம் பெருநிறுவனத்தார்க்கு உரியன, நம் போன்ற சிறியோரை நாடி எவன் வருவான்?’ என்பர் பிறிதொரு சாரார். திருடன் இன்று தெருத்தெருவாக நடப்பதில்லை; மென்பொருளை ஏவிவிட்டு உறங்குகின்றான். 2014-இல் சூப்பர்மைக்ரோ பொறிகளின் குறையொன்றை ஆராய்ந்தோர், கடவுச்சொற்களைத் தெளிவெழுத்தில் உலகிற்கு நீட்டிக்கொண்டிருந்த பொறிகள் ஏறத்தாழ 32,000 இணையத்தில் நின்றதைக் கண்டனர். அவ்வளவும் பெருநிறுவனத்தாருடையன என்று எவரும் கருதார். 2018-இல் ஜங்கிள்செக் என்னும் பணயத் தீநிரல், காவலற்ற ஐ.பி.எம்.ஐ. வாயில்கள் வழியே சர்வர்களுட் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பொருள் கேட்டது. 2021 டிசம்பரில் ஈரான் நாட்டு ஆய்வாளர் ஒருசாரார் ஐலோவின் பர்ம்வேரிலேயே குடிபுகுந்த ஒரு தீநிரலைக் கண்டு அறிவித்தனர். பர்ம்வேரைப் புதுப்பிக்க முயன்றால் புதுப்பித்தது போலக் காட்டி, உண்மையிற் புதுப்பியாமலே தடுத்தது அது. வட்டைத் துடைத்தும் அத்தகையது அகலாது. இயங்குதளத்தை மறுபடி நிறுவியும் அகலாது. வேலியே பயிரை மேய்ந்தால் விளைவு வீடு வருமோ?

ஆகவே எம் துணிபு இது. தொலைநிர்வாகப் போர்ட்டைச் சித்தப்படுத்துதல், சர்வரை ராக்கில் ஏற்றும் நாளிலேயே முடியவேண்டிய வேலை. மென்பொருள் வாங்கிய பின்னர்த் தொடங்குவது கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்வது போலாகும். கேபிள், முகவரி, பெயர், கடவுச்சொல், அடக்கவேண்டிய மொழிகள், பர்ம்வேர், கடிகாரம் ஆகிய ஏழினையும் ஒரு தாளில் எழுதி, செய்தவர் கையொப்பமிட்ட பின்னரே பொறி பணிக்கு வந்ததாகக் கொள்ளவேண்டும். ஓய்வு கொடுக்கும் நாளிலும் அத்தாளையே எடுத்து, பி.எம்.சி.யைத் துடைத்து அடைத்ததாக மறுபடி கையொப்பமிடவேண்டும். இதற்குப் பொறி ஒன்றிற்கு அரைமணி நேரம் செல்லக்கூடும். அவ்வரைமணியை மேலதிகாரிகள் வேலைநேரத்திற் கணக்கிட்டுக் கொடுத்தல் வேண்டும். கொடாமல், ‘ஏன் செய்யவில்லை?’ என்று பின்னர்ச் சினத்தல் நீதியன்று.

ஒன்றை மட்டும் இளைஞர்க்கு வற்புறுத்திக் கூறுவோம். இவ்வேலையைச் செய்தவனை எவரும் பாராட்டுவதில்லை. செய்யப்பட்டது செவ்வனே அமையின் ஒன்றும் நிகழாது. ஒன்றும் நிகழாமைக்கு மாலை சூட்டும் வழக்கம் உலகில் இல்லை. நள்ளிரவில் ஓடிச்சென்று பழுதுதீர்த்தவனுக்கே புகழ். ஆயினும், நோயாளியின் குறிப்பும், உழைப்பாளியின் ஊதியமும், மாணவனின் மதிப்பெண்ணும் அப்பொறியினுள் அடைக்கலமாக வைக்கப்பட்டவை. அவற்றை ஒப்படைத்தவர் நம் பெயரையும் அறியார். அப்படியொரு போர்ட்டு உண்டென்பதையும் அறியார். அறியாதார் வைத்த நம்பிக்கையைக் காத்தல், அறிந்து வைத்தார் நம்பிக்கையைக் காத்தலினும் பெரிது.

நம் கல்லூரியின் கணினிக் கூடத்திலும் சர்வர்கள் உள. இதனை வாசிக்கும் மாணவர், விடுமுறை கழிந்து திரும்பியதும், அக்கூடத்துப் பொறுப்பாளரிடம் பணிவுடன் அனுமதி பெற்று, பொறிகளின் பின்புறத்தை ஒருமுறை காண்பாராக. அனுமதியின்றி எவர் பொறியையும் தட்டிப் பார்த்தல் நல்லொழுக்கமன்று, சட்டத்திற்கும் புறம்பு. அங்கே ஓரத்தில், மற்றப் போர்ட்டுகளினின்று சற்றே ஒதுங்கி, சிறு குறடு படம் பொறித்தோ ‘மானேஜ்மென்ட்’ எனப் பெயர் பொறித்தோ ஒரு போர்ட்டு நிற்கும். அதிற் கேபிள் உளதா, அது எங்குச் செல்கின்றது, அதன் கடவுச்சொல் எவரிடம் உளது என்னும் மூன்று வினாக்களைக் கேட்பாராக. மூன்றிற்கும் உடனே விடை கிடைப்பின் மகிழ்வோம். கிடையாதாயின், அன்று மாலையே அரைமணி நேரம் ஒதுக்கி, தாளும் எழுதுகோலும் எடுத்துத் தொடங்குவோம்.